எண்பது கட்டை

குவாலா சிலாங்கூர்
2 மார்ச் 2025

அன்புத் தங்கை நவமணிக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு பேசினால் நீ சொல்வதில் பாதி விசிலாகக் கேட்கிறது. மீதிப் பாதிக்கு நான் 'ஆமா' போட்டுவிடுகிறேன். போன தீபாவளிக்கு அப்படி எதற்கோ ஆமா போட்டதில் நீ எனக்கு இரண்டு டின் முறுக்கு அனுப்பினாய். என் பற்களின் நிலை உனக்குத் தெரியும். ஆகவே எழுதுவதே நல்லது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் மகள் விஷாலினியும் மாப்பிள்ளை ஜாரெட்டும் வந்திருந்தார்கள். ஜாரெட்டின் அப்பா அம்மாவைப் பார்க்க லங்காவியிலிருந்து கலும்பாங் வந்தவர்கள், என்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். விஷாலினி முழுகாமல் இருக்கிறாள். ஆறு மாதம் முடிந்துவிட்டது. "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க மாமா" என்றாள். சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் படுகிறது. தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் நீ இந்தப் பத்தியைப் படிக்காததுபோல் இருந்துவிடு.

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "மாமா, பினாங்குலருந்து லங்காவிக்கு பிளைட் எவ்ளோ நேரம்? வயசானவங்க பயப்படாம உக்காந்து வரலாமா?" என்று கேட்டாள். விமானத்தில் பலமுறை போய்வந்தவள் அவள்தான். நான் விமானத்தில் கால் வைத்ததே இல்லை. இருந்தாலும் புவியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் கேட்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் போன பிறகுதான், அந்தக் கேள்வி எனக்கானது அல்ல என்று தோன்றியது.

எதற்கும் பதில் தயாராக இருக்கட்டும் என்று நூலகத்துக் கணினியில் பார்த்தேன். உன் வீட்டருகே இருக்கும் பினாங்கு விமான நிலையத்துக்கும் லங்காவி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். உனக்குக் கிலோமீட்டர் பிடிக்காது. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு மைல் என்றால் கட்டைதானே. கணக்குப் போட்டால் எண்பது கட்டை வருகிறது. ஆனால் வேறொரு பக்கத்தில் எழுபது மைல் என்று இருந்தது. நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், பத்துக் கட்டை உதைக்கிறது. நேரத்திலும் ஒற்றுமை இல்லை. ஒரு பக்கம் முப்பத்தைந்து நிமிடம் என்கிறது, இன்னொரு பக்கம் முக்கால் மணிக்கு மேல் என்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான். கலும்பாங்கிலிருந்து என் வீட்டுக்குக் காரில் வரவே அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இன்னொன்று. எழுதலாமா என்று தெரியவில்லை. அன்றைக்கு மேல் தட்டில் இருந்த மைலோ டின்னை எடுக்க ஜாரெட் நாற்காலி போட்டு ஏறினான். ஏறும்போது சிரித்துக்கொண்டே, "அத்தை வச்ச பேரு சரிதான் மாமா. கட்டைக்கு நாற்காலி வேணும்லா" என்றான். விஷாலினி, "சும்மா இருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் உயரம் குறைவுதான், ஆனால் நீ அப்படியெல்லாம் பேர் வைக்கிறவள் இல்லையே. கேட்கத் தைரியம் வரவில்லை. என் காதில் தப்பாக விழுந்திருக்கவும் கூடும்.

அன்புடன்,
அண்ணன் சன்னாசி


பாயான் லெப்பாஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. என் மகள் பிள்ளை சுமக்கிற செய்தியைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பத்தி முழுக்க முறுக்கு. அந்த வரிக்கு வந்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் துணி காயப்போட்டேன். பக்கத்து வீட்டு விஜயராணி வந்து, "என்னக்கா, காஞ்ச துணிய மறுபடி காயப்போடுறீங்க?" என்று கேட்டாள்.

ஆறு மாதம். நேற்றுக்கூட போன் செய்தாள். "சாப்பிட்டீங்களாம்மா?" "சாப்பிட்டேன்." "மருந்து போட்டீங்களா?" "போட்டேன்." "சரிம்மா." இரண்டு வருடமாக இந்த நாலு வார்த்தைதான், அண்ணே. கிளினிக்கில் பதிவு எழுதுகிற பிள்ளைகூட இதைவிட அதிகமாகப் பேசுகிறது.

உங்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கு லங்காவி ஓட்டலில் சமையல் வேலை கிடைத்து அவர்கள் கிளம்பிய அன்று, "நீங்களும் எங்ககூட வாங்கம்மா" என்று விஷாலினி கூப்பிட்டாள். எனக்குப் போக ஆசைதான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள், ஒரே அறை வீடு. நடுவில் நான் எங்கே படுப்பேன்? அதனால், "இந்தக் கட்டைய ஏன்டி இழுத்துக்கிட்டு அலையணும்? பேசாம விட்டுட்டுப் போ. நீயாவது நல்லா இரு" என்றேன். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, 'வரேம்மா'கூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். விட்டுட்டுப் போ என்றேன், விட்டுட்டுப் போய்விட்டாள். யாரிடம் போய்க் குறை சொல்வது?

அதற்குப் பிறகு ஒரு நாளும் வா என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எண்பது கட்டையாக இருந்தால் என்ன, எட்டுக் கட்டையாக இருந்தால் என்ன? விமானம் என் கூரைக்கு மேல்தான் தினமும் போகிறது. அது போகும்போது பாத்திரம் ஆடுகிறது. அதற்குள் போய் உட்கார்ந்தால் நான் என்ன ஆவேன்?

மாப்பிள்ளைக்கு நான் ஒரு பேரும் வைக்கவில்லை. தங்கமான பிள்ளை. உங்கள் காதைக் காட்டி வைத்தியம் பாருங்கள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உலகப் படத்தைக் காட்டிக் குச்சியால் தட்டினீர்கள். பக்கத்து ஊர் ஜெராம் போகவே மூன்று நாள் யோசிக்கிறவர் எனக்கு விமானத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நானும் ஏறுகிறேன். முடியுமா?

தங்கை,
நவமணி


குவாலா சிலாங்கூர்
16 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் இரண்டு விஷயங்கள்.

காணாமல் போன பத்துக் கட்டை கிடைத்துவிட்டது. விமானிகளும் கப்பல்காரர்களும் கணக்கிடுவது கடல் மைலாம். அது தரை மைலைவிட நீளம். ஆகவே எழுபது கடல் மைலும் எண்பது கட்டையும் ஒரே தூரம்தான். இரண்டு பக்கங்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. 'மைல்' என்ற ஒரே சொல்லை நான்தான் ஒரே பொருளில் படித்துவிட்டேன். முப்பது வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். நூலகத்தில் யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

இதை எழுதி முடித்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போதுதான் 'கட்டை' என்ற உன் சொல்லில் கண் நின்றது. நவமணி, நான் யோசிப்பது தவறாக இருந்தால் மன்னித்துவிடு.

நீ சொன்னது, "இந்தக் கட்டைய ஏன்டி இழுத்துக்கிட்டு அலையணும்? பேசாம விட்டுட்டுப் போ." நம் தோட்டத்தில் வயதானவர்கள் தங்கள் உடம்பை அப்படித்தான் சொல்வார்கள். நானும் நீயும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். விஷாலினி பினாங்குப் பட்டணத்துப் பிள்ளை, படித்தது மலாய்ப் பள்ளி. அவளுக்குக் கட்டை என்றால் குள்ளமானவன். நீ அதைச் சொன்னபோது ஜாரெட் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று நினைவிருக்கிறதா?

அவள் காதால் ஒருமுறை அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பார். 'இந்தக் குள்ளனை ஏன் இழுத்துக்கொண்டு அலைகிறாய்? விட்டுவிட்டுப் போ. நீயாவது நன்றாக இரு.' அத்தை வைத்த பேர் என்று அவன் சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

நான் விஷாலினியிடம் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தொலைபேசியை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். என் கோழைத்தனம் ஒரு காரணம். அது உன் வாயிலிருந்து வந்த சொல், நீ சொன்னால்தான் போகும் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிய காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்தில் உட்காருவது பற்றி: யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


பாயான் லெப்பாஸ்
22 மார்ச் 2025

அண்ணே,

மாப்பிள்ளை அன்று கதவுக்குப் பக்கத்தில் நின்றார். குளிர்பெட்டியை ஒரு பக்கம் அவர் பிடித்திருந்தார், லோரிக்காரர் ஒரு பக்கம். நான் என் நெஞ்சில் கை வைத்துச் சொன்னேனா, அந்தப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னேனா, நினைவில்லை. நான்தான் கையை ஆட்டாமல் பேசமாட்டேனே.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. விஜயராணி ஓடி வந்து, "யாரு செத்தது, யாரு பொழச்சது? ஒண்ணா சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை மாதா மாதம் என் மருந்தைத் தபாலில் அனுப்புகிறார், அண்ணே. தன்னைக் குள்ளன் என்று சொல்லித் துரத்திய கிழவிக்கு. நான் ஒரு நாள்கூட அவரிடம் நன்றி சொன்னதில்லை. மகள்தான் அனுப்புகிறாள், கடமைக்கு அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். கையெழுத்து அவருடையது.

இரண்டு முறை போன் செய்தேன். "என்னம்மா?" என்று அவள் கேட்டதும், "சாப்பிட்டியா?" என்றுதான் வாயில் வந்தது. போனில் இதைச் சொல்ல முடியாது. அவள் நம்பாவிட்டால்? சமாளிக்கிறேன் என்று நினைத்தால்? முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஏழாம் மாதம் நடக்கிறது. தாய் வீட்டு வளையல் போடாமல் அவள் பிரசவத்துக்குப் போகக்கூடாது.

விஜயராணியின் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். ஏப்ரல் ஆறு, காலை பதினொன்றரை மணி விமானம். என் பக்கத்து இடத்தை வாங்கவில்லை. நீங்கள் சொன்னால் வாங்குவான். வருவீர்களா மாட்டீர்களா? யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதாதீர்கள்.

நவமணி


குவாலா சிலாங்கூர்
29 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

வரவில்லை. மன்னித்துவிடு.

முயற்சி செய்யாமல் சொல்லவில்லை. வியாழக்கிழமை பை கட்டிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போனேன். உன் ஊருக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போக எங்கே மாறவேண்டும் என்று ஒருவரிடம் கேட்டேன், அவர் சொன்னது கேட்கவில்லை. ஆமா போட்டேன். பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன். கேட்ட வழியையே பிடித்துக்கொள்ள முடியாதவன் ஆகாயத்தில் உனக்கு என்ன துணை என்று தோன்றிவிட்டது.

ஆனாலும் படத்தை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சன்னல் இடம் கிடைத்தால் வலப்பக்கம் கேள். அந்தப் பக்கம்தான் கெடாக் கரை. வானம் தெளிவாக இருந்தால் கெடா மலை தெரியும். நிலம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பயம் குறையும் என்று நினைக்கிறேன். காது அடைத்தால் எச்சிலை விழுங்கு, புளிப்பு மிட்டாய் ஒன்று வைத்துக்கொள். ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் இரண்டையும் கழித்தால், நடுவில் நீ பயப்படுவதற்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான்.

இன்னொன்று செய்யலாம் என்றிருக்கிறேன். சிரிக்காதே. அன்று பதினொன்றரை மணிக்கு நான் என் வீட்டு நாற்காலியில் உட்காருவேன். உன் விமானம் இறங்கும்வரை எழுந்திருக்கமாட்டேன். தேநீர் குடிக்கக்கூட எழமாட்டேன். பக்கத்தில் உட்கார முடியாதவனால் முடிந்தது இவ்வளவுதான்.

அண்ணன்


லங்காவி
14 ஏப்ரல் 2025, சித்திரை முதல் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இங்கே வேப்பம்பூ கிடைக்கவில்லை. மாப்பிள்ளை தன் ஓட்டல் மூளையை உபயோகித்துப் பாகற்காய்ப் பச்சடி செய்தார். கசப்பு இருந்தால் போதாதா அத்தை என்கிறார்.

அன்றைக்குப் பெருமழை. பதினொன்றரைக்குக் கிளம்பவேண்டிய விமானம் ஒன்றே கால் மணிக்குத்தான் கிளம்பியது. நான் விமான நிலையக் கூடத்தில் உட்கார்ந்து, ஐயோ, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களைப் பற்றிக் கவலைப்பட்டதில் என் பயம் பாதி போய்விட்டது.

வலப்பக்கச் சன்னல்தான் கேட்டு வாங்கினேன். கெடா மலையும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி மேகம். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி. ஏறும்போது அவள் என் கையைப் பிடித்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன். யார் யாருக்குத் தைரியம் சொன்னோம் என்று தெரியாது. ஒரு மிட்டாய் கரைந்து முடிந்ததும், இரண்டாவதாக அவளுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பிரித்து வாயில் போட்டோம். அது கரைவதற்குள் சக்கரம் தரையில் பட்டுவிட்டது. இவ்வளவுதானா, அண்ணே? இதற்கா இரண்டு வருடம்?

வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். வெளியே இருவரும் நின்றார்கள். விஷாலினிக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம் மட்டும் இறுகியிருந்தது. மாப்பிள்ளை முன்னால் வந்து என் பையை வாங்கினார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எல்லாம் போய்விட்டது. இரண்டு கையையும் என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். வேறு எங்கும் காட்டிவிடக்கூடாதே.

"இந்தக் கட்டை வந்துருச்சுடி. இனிமே எங்க வேணாலும் இழுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி என் கையைப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள். "அந்தக் கட்டை நீங்களாம்மா?"

"பின்ன யாருடி? வயசான ஒடம்ப வேற எப்படிச் சொல்றது?"

அவள் தள்ளுவண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. போகிறவர்கள் எல்லாம் பிரசவ வலி என்று நினைத்து ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "ரெண்டு வருசமா அடி ஒசந்த சப்பாத்துப் போட்டுக்கிட்டு அலையறேன் அத்தை. முதுகே போச்சு! மொதல்லயே சொல்லக்கூடாதாலா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சப்பாத்தைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

வளையல் போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா கலும்பாங்கிலிருந்து வந்து முதல் வளையலை என்னைப் போடச் சொன்னார்கள். பிரசவம்வரை இங்கேதான் இருக்கப்போகிறேன். இப்போது வீட்டில் இரண்டு அறை.

விஷாலினிக்கு உங்கள் பக்கத்துச் சுங்கை செம்பிலாங் கருவாடு வேண்டுமாம். இங்கே சுற்றிலும் கடல், கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. அதெல்லாம் வேண்டாம், மாமா வாங்குகிற கடையில் வாங்கியதுதான் வேண்டும் என்கிறாள். தபாலில் அனுப்பாதீர்கள். நாறும்.

நவமணி


குவாலா சிலாங்கூர்
21 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் விமானம் தாமதமானது எனக்குத் தெரியாது. பன்னிரண்டே கால் ஆனதும் எழலாம் என்று பார்த்தேன். கணக்குப்படி நீ இறங்கியிருக்கவேண்டும். ஆனால் இறங்கியது நிச்சயமாகத் தெரியவில்லை. தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல வெயில். மலைக் குரங்கு ஒன்று வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது, வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. எழுந்து விரட்டவில்லை. இரண்டு மணிக்குமேல் ஜாரெட் அனுப்பிய படம் வந்தது. நீ அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அப்போதுதான் எழுந்தேன். கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நின்றபடியே ஒன்று தோன்றியது. நீ உட்கார்ந்ததைவிட அதிக நேரம் நான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மிட்டாயும் ஒரு கையும் கிடைத்தன, எனக்குக் குரங்குதான் கிடைத்தது. பயப்படுவதற்கு வீட்டு நாற்காலி நல்ல இடம் இல்லை போலிருக்கிறது. ஒரு தடவை செய்து பார்த்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்குப் பக்கத்திலுள்ள சுபாங்கிலிருந்து லங்காவிக்கு நேராகவே விமானம் இருக்கிறதாம். எனக்கு அந்தத் தூரம் பழக்கமில்லை. பேருந்தில் பினாங்கு வந்து அங்கிருந்து ஏறுகிறேன். அந்த எண்பது கட்டையைத்தான் நான் நன்றாகப் படித்து வைத்திருக்கிறேன். இந்த முறை பேருந்து எங்கே மாறவேண்டும் என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். விஜயராணியின் மகன் மே மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். வலப்பக்கச் சன்னல்.

கருவாடு வாங்கி மூன்று பையில் சுற்றி வைத்திருக்கிறேன். விமானத்தில் விடுவார்களா என்று கேட்டுச் சொல். கேட்டுச் சொல்லாவிட்டாலும் கொண்டுவருகிறேன்.

நிலையத்துக்கு ஜாரெட்டை அனுப்பு. அந்தச் சப்பாத்து வேண்டாம், சாதாரணச் செருப்பிலேயே வரட்டும். கூட்டத்தில் நான் அவனைக் கண்டுபிடித்துக்கொள்வேன். விஷாலினியிடம் மட்டும் முன்கூட்டியே விளக்கமாகச் சொல்லி வை:

இந்தக் கட்டையும் வருகிறது.

அண்ணன்